ட்ரெய்லர் மாட்டியதும் ஸ்டியரிங் லேசாவது ஏன்?

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறோம். எங்கள் எஸ்யூவியில் 2,300 கிலோ ட்ரெய்லரை மாட்டி அல்கோன்குவின் பூங்காவுக்குப் போனோம். வண்டியின் பின்பக்கம் அமுங்கி, ஸ்டியரிங் பிடிப்பே இல்லாமல் லேசாகிவிட்டது. 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்' (பாரத்தைப் பகிர்ந்துவிடும் இணைப்பு) போட்டால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் சரியாகும். ஆனால் முதலில் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். சில எஸ்யூவிகளுக்கு இந்த ஹிட்ச் கூடாது என்றே அதில் எழுதியிருக்கும்.

ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின்மேல், அதாவது ட்ரெய்லரின் மூக்கு உட்காரும் இரும்பு உருண்டையின்மேல், இறங்க வேண்டும். மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம் பார்த்து ஏற்றுவார்களே, அதேதான். உங்களுக்கு அது 280 கிலோ என்று வைப்போம். பந்து பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால், அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் என்றால், பின் அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது. முன் சக்கரங்களிலிருந்து 112 கிலோ கழன்று, பின் அச்சில் 392 கிலோ கூடுகிறது. ஸ்டியரிங் லேசானதற்கு இதுதான் காரணம். முன் பிரேக்கின் பிடியும் குறையும்.

இந்த ஹிட்ச்சின் தலையிலிருந்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் ட்ரெய்லர் சட்டத்துக்கு அடியில் நீளும். அவற்றின் நுனியைச் சங்கிலியால் மேலே இழுத்து மாட்டும்போது கம்பிகள் வில்லாக வளையும். மண் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியின் கைப்பிடியைத் தூக்கினால் பாரம் முன்னே போகுமல்லவா? அப்படியே பின் அச்சின் கூடுதல் பாரத்தில் ஒரு பங்கு முன் சக்கரங்களுக்கும், இன்னொரு பங்கு ட்ரெய்லர் சக்கரங்களுக்கும் போகிறது.

எவ்வளவு இறுக்குவது? சமதரையில் நிறுத்தி, முன் சக்கர வளைவின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தனியாக 90 செ.மீ., ட்ரெய்லர் மாட்டியதும் 93 என்றால், கம்பிகளை இறுக்கி 91.5க்குக் கொண்டுவருவது பாதி மீட்பு. பல கையேடுகள் பாதியே போதும் என்கின்றன. உங்களுடையது சொல்வதே உங்களுக்குக் கணக்கு. அதைத் தாண்டி இறுக்காதீர்கள். பின் சக்கரங்களின் பிடி தளர்ந்து, வளைவில் வண்டியின் வால் வெளியே வீசும். அது முன்பக்கம் லேசாவதைவிட ஆபத்து.

இழுக்கும் திறன் இதனால் ஒரு கிலோகூடக் கூடாது. ட்ரெய்லர் ஆட்டத்துக்கும் இது மட்டும் மருந்தல்ல. சரக்கை முன்பாரமாக அடுக்குங்கள். கழற்றும்போது பந்தை விடுவிக்காமலே ஜாக்கியால் மூக்கைத் தூக்கி, இழுவை தளர்ந்தபின் சங்கிலியை எடுங்கள். இழுவையோடு விட்டால் கம்பி கையை முறித்துவிடும்.