வெறும் படம் போட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

மார்வெல் சினிமாக்களைப் பார்த்துத்தான் நான் காமிக்ஸ் பக்கம் வந்தேன். அமெரிக்க காமிக்ஸ் வரலாறு பற்றி இப்போது புதிது புதிதாகப் புத்தகங்கள் வருகின்றன, அதற்கென்றே பத்திரிகைகளும் இருக்கின்றன. பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதில் ஆரம்பிப்பது? எனக்கு வெறும் படம் போட்டவர்களைப் பற்றி அவ்வளவு ஆர்வமில்லை. இந்தக் கதைகளை உருவாக்கியவர்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், குறிப்பாக ஸ்டான் லீ. இன்னொன்று, காமிக்ஸ் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அமெரிக்காவிலேயே ஒரு டாக்டர் நிரூபித்திருக்கிறார் என்கிறார் என் மாமா. உண்மையா? மார்வெல், டிசி இரண்டு கம்பெனிகளில் எதன் வரலாறு முக்கியம்? அச்சுப் புத்தகம் வாங்கலாமா, பிடிஎஃப் போதுமா? நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் மார்வெல் ஓவியர் ஜாக் கிர்பியின் பென்சில் பக்கம் ஒன்று விரிந்து கிடந்தது. அவருக்கென்றே அமெரிக்காவில் வரும் ஒரு பத்திரிகையில் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். ஒரு வாரமாக அதையேதான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மார்வெலா டிசியா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றுமில்லை. மாமா சொல்லும் டாக்டர் ஃப்ரெட்ரிக் வெர்தம். 1954இல் காமிக்ஸுக்கு எதிராக ஒரு புத்தகம் எழுதினார், அதே வருடம் செனட் விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கையை வைத்துக்கொண்டார்கள், நிறைய பேருக்குப் பிழைப்பு போனது. வெர்தமின் காகிதங்கள் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 2010இல் அவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு கரோல் டில்லி என்ற பேராசிரியை அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிள்ளைகள் சொன்னதை வெர்தம் பல இடங்களில் மாற்றியும் திரித்தும் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள், போதும்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். "வெறும் படம் போட்டவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனால் கெட்ட எண்ணமே இல்லாமல் இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எத்தனையோ பேருடைய உழைப்பு அவர்கள் கண்ணெதிரிலேயே இன்னொருவர் பெயருக்குப் போயிருக்கிறது.

எழுத்தாளர் கதையை வசனத்தோடு முழுசாக எழுதித் தருவார், ஓவியர் அதைப் பார்த்து வரைவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1960களில் மார்வெலில் வேலை அப்படி நடக்கவில்லை. ஸ்டான் லீ ஒரு மாதத்தில் அத்தனை இதழ்களையும் எழுதியாக வேண்டும், நேரம் கிடையாது. அதனால் ஓவியரோடு உட்கார்ந்து, சில சமயம் போனிலேயே, கதையின் சுருக்கத்தைப் பேசிவிடுவார். ஓவியர் வீட்டுக்குப் போய் இருபது பக்கத்தையும் வரைந்து கொண்டுவருவார். யார் எப்போது உள்ளே வருகிறார், சண்டை எத்தனை பக்கம், எந்த முகத்தை அருகில் காட்டுவது, எங்கே மௌனம், எல்லாம் ஓவியர் முடிவு செய்தது. படம் வந்த பிறகுதான் லீ வசனம் எழுதுவார். இதை 'மார்வெல் முறை' என்பார்கள். இப்போது சொல்லுங்கள், கதையை உருவாக்கியவர் யார்?

1966 மார்ச் என்று தேதியிட்டு வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48ஆம் இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். கோள்களைத் தின்னும் கேலக்டஸ் பூமிக்கு வருகிறான், இவ்வளவுதான் பேசி வைத்தது. கிர்பி வரைந்து கொண்டுவந்த பக்கங்களில் வெள்ளி நிறத்தில் ஒருவன் அலைச்சறுக்குப் பலகையில் நின்றபடி விண்வெளியில் பறந்துகொண்டிருந்தான். யார் இவன் என்று லீ கேட்டிருக்கிறார். இவ்வளவு பெரிய ஆளுக்கு முன்னால் போய்க் கட்டியம் சொல்ல ஒருவன் வேண்டாமா என்பது கிர்பியின் கணக்கு. சில்வர் சர்ஃபர் பிறந்த கதை இதுதான். இது எதிராளி கட்டிய கதை கிடையாது, லீயே பல முறை சொன்னது. அந்தப் பாத்திரத்தைத் தமிழ்நாட்டில் தெரியாத சினிமா ரசிகன் இல்லை இன்று. அவனை உண்டாக்கியவரைத்தான் நீங்கள் வெறும் படம் போட்டவர் என்கிறீர்கள்.

என் மேசையில் கிடந்த பக்கத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் மூலப் பக்கத்தை அச்சளவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக வரைவார்கள். கட்டங்களைச் சுற்றி நாலா பக்கமும் ஓரம் காலியாக இருக்கும். அந்த ஓரத்தில் கிர்பி பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார், பக்கத்துக்குப் பக்கம், சாய்ந்த பெரிய எழுத்தில்: இந்தக் கட்டத்தில் இவன் எதற்குத் தயங்குகிறான், இவள் ஏன் திரும்பிப் பார்க்கிறாள், அடுத்து என்ன நடக்கப்போகிறது, ஏறக்குறைய என்ன பேசுகிறார்கள் என்றுகூட. வசனம் எழுதப்போகிறவருக்கு ஓவியர் சொல்லிக்கொடுக்கும் கதை அது. அச்சுக்குப் படமெடுக்கும்போது கட்டத்துக்கு வெளியே இருப்பது எதுவும் வராது. அதனால் கடையில் பத்து பன்னிரண்டு சென்ட் கொடுத்து வாங்கிய எந்தப் பையனும் அந்த எழுத்தைப் பார்த்ததில்லை. மூலப் பக்கங்களும் பென்சில் நகல்களும் வெளியே வந்த பிறகுதான் உலகம் பார்த்தது. நூறு பேட்டியைவிட அந்த ஓரத்து எழுத்து எனக்குப் பெரிய சாட்சி. பேட்டியில் லீ, கிர்பி இரண்டு பேருமே மாற்றி மாற்றிப் பேசியிருக்கிறார்கள், வயதானால் எல்லோருக்கும் நினைவு தனக்குச் சாதகமாகத்தான் சாயும். ஓரத்து எழுத்து அன்றைக்கு வேலை நடக்கும்போதே எழுதியது.

லீயின் பங்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களோடும் நான் சண்டை போடுவேன். அந்த வசனத்தின் துள்ளலும், சிலந்தி மனிதன் வாடகைக்கும் மருந்துக்கும் பணமில்லாமல் புலம்புவதும் அவர் பேனாவில் வந்தவை. ஆனால் அதே சிலந்தி மனிதனை வரைந்த ஸ்டீவ் டிட்கோவுக்குக் கதையமைப்பு என்று பெயர் போட 1965 வரை ஆனது. மறு வருடமே அவர் வெளியேறிவிட்டார்.

சரி, எனக்கு ஏன் இதில் இவ்வளவு ஆவேசம் என்று தோன்றும். சொல்கிறேன்.

என் அப்பா ஓவியர். எழுபதுகளின் கடைசியில் ஒரு மாத இதழுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். பகலில் கடைகளுக்கு போர்டு எழுதுவார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார், பக்கத்தில் இந்தியன் இங்க், தொட்டு எழுதும் பேனா, நுனி கூர்ந்த ஒரு பிரஷ். படத்தின் ஓரத்தில், படத்தை அச்சடிக்க ப்ளாக் என்ற தகடு செய்கிறவருக்குப் பென்சிலில் எழுதி வைப்பார்: இரண்டு காலம் அகலம், கூந்தலில் கோடு அடையாமல் பார்க்கவும். ஒரு முறை ஒரு கதை வந்தது, புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பிப் போன பெண் வாசலில் நிற்கிறாள். எழுத்தாளர் எழுதியிருந்தது அவ்வளவுதான், வாசலில் நிற்கிறாள். அப்பா வெகு நேரம் ஒன்றும் வரையாமல் இருந்தார். அப்புறம் அவள் ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டியிருப்பதுபோல் வரைந்தார். பின்னாலேயே ஓடலாம் என்று கிளம்பி, மற்றச் செருப்பைத் தேடுவதற்குள் அவன் தெரு தாண்டிப் போய்விட்டான்.

அடுத்த மாதம் வாசகர் கடிதத்தில் மூன்று பேர் அந்த ஒற்றைச் செருப்பைப் பாராட்டி எழுதியிருந்தார்கள், மூன்று பேரும் எழுத்தாளரை. கதையில் அந்த வரியே கிடையாது. அப்பா அந்தப் பக்கத்தை அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினார். சந்தோஷமாகத்தான் வாசித்தார்.

அந்தப் படத்தை மட்டும் திருப்பி வாங்கி வீட்டில் மாட்டலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் போனார். ப்ளாக் எடுத்ததுமே எடைக்குப் போட்டாயிற்றே என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, இதைப் போய்க் கேட்க வந்தீர்களா என்ற ஆச்சரியத்தில் சொன்னார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு இந்திரஜால் காமிக்ஸ் வாங்கித் தந்தார், வேதாளர் கதை. பஸ்ஸில் அவர்தான் முதலில் பிரித்தார். கதையைப் படிக்கவில்லை. குதிரையின் தொடையில் விழும் நிழலை விரலால் தடவிக்கொண்டே, "இத வரைஞ்சவனும் ராத்திரி கண்ணு முழிச்சுத்தான்டா வரைஞ்சிருப்பான்" என்றார். வேதாளரை உருவாக்கியவர் லீ ஃபால்க் என்று எல்லோருக்கும் தெரியும். 1961 முதல் முப்பது வருடத்துக்கு மேல் அவரை வரைந்தவர் சை பேரி என்று எனக்குத் தெரிந்தபோது அப்பா இல்லை.

கிர்பியும் ராத்திரியில்தான் வரைவார். லாங் ஐலண்டில் அவர் வீட்டின் அடித்தளத்தில் ஒரு சின்ன அறை, பாதாளச் சிறை என்று வீட்டில் பெயர் வைத்திருந்தார்கள். அங்கே வரைந்து குவித்த ஆயிரக்கணக்கான பக்கங்கள் கம்பெனியிடம் கிடந்தன. 1980களில் மற்ற ஓவியர்களுக்கு ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூலங்களைத் திருப்பித் தந்தவர்கள், கிர்பிக்கு மட்டும் நாலு பக்கப் படிவம் நீட்டினார்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தார். தி காமிக்ஸ் ஜர்னல் பத்திரிகை அவருக்காகப் பக்கம் பக்கமாக எழுதியது, சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 1987இல் சுமார் 2,000 பக்கங்கள் வந்தன. அவர் வரைந்ததில் அது ஒரு சின்னப் பங்கு. 1994இல் இறந்துபோனார். பாத்திரங்களின் உரிமை வழக்கில் அவர் வாரிசுகளோடு மார்வெல் சமரசம் செய்துகொண்டது 2014இல். பேட்மேனை உருவாக்கியதில் பங்குள்ள பில் ஃபிங்கருக்கும் இப்படித்தான், ஆனால் அவர் ஓவியர்கூட இல்லை, எழுத்தாளர்! 1974இல் இறந்தார், உருவாக்கியவர் என்று பெயர் போட்டது 2015இல். எனவே எழுத்தாளரா ஓவியரா என்றுகூடப் பிரிக்காதீர்கள். பேப்பரில் கையெழுத்து யாருடையது என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்திருக்கிறது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். ஜெரமி டாபர் எழுதிய 'அமெரிக்கன் காமிக்ஸ்: எ ஹிஸ்டரி' 2021இல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் காலத்திலிருந்து இன்றுவரை ஒரே மூச்சில் ஓடுகிறது. ஒட்டுமொத்தமாகத் தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் அந்த வேகத்தில் ஒரு பக்கத்தைக்கூட நின்று பார்க்க முடியாது. ஸ்டான் லீ வேண்டும் என்றால் அதே வருடம் வந்த ரீஸ்மனின் வாழ்க்கை வரலாற்றைப் படியுங்கள், உங்களுக்குக் கசக்கும், பரவாயில்லை. உங்களுக்கென்று நான் எடுத்துக்கொடுப்பது ஜான் மாரோவின் 'கிர்பி அண்ட் லீ: ஸ்டஃப் செட்'. லீயும் கிர்பியும் யார் எதை உருவாக்கினார்கள் என்று எப்போது என்ன சொன்னார்கள் என்பதை வருட வாரியாக எதிரெதிரே வைத்திருக்கிறார்.

இந்த மாரோதான் கிர்பி இறந்த அதே 1994இல் 'தி ஜாக் கிர்பி கலெக்டர்' பத்திரிகையைத் தொடங்கியவர். கணவனும் மனைவியுமாக வட கரோலினாவின் ராலேயில் நகலெடுத்து மடித்துத் தபாலில் அனுப்பிய சில பக்கங்கள்தான் ஆரம்பம், இன்று ஒரு பதிப்பகமாக நிற்கிறது. பழைய மார்வெல் எழுத்தாளர் ராய் தாமஸ் ஆசிரியராக இருக்கும் 'ஆல்டர் ஈகோ' பத்திரிகையும் அவர்கள் வெளியிடுவதுதான். அதில் பேட்டிகள் முடிவே இல்லாமல் நீளும், திருத்தக் கை வைத்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் எழுத்துப் பொறித்தவர், மை போட்டவர், வண்ணம் குறித்தவர் என்று யாரும் கேட்காதவர்களைத் தேடிப் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வண்ணம் குறித்த மாரி செவரின் பெயரையும் எழுத்துப் பொறித்த ஆர்ட்டி சைமெக் பெயரையும் நான் மரியாதையோடு சொல்லக் கற்றது இப்படிப்பட்ட பத்திரிகைகளில்தான்.

பிடிஎஃப் விலை குறைவு, பெரிதாக்கியும் பார்க்கலாம், அதையே வாங்குங்கள். முதலில் ஏதாவது ஒரு இதழில் பென்சில் பக்கத்தைத் திறந்து, கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் பெரிதாக்கிப் படியுங்கள். சில இடங்களில் எழுத்து மங்கலாக இருக்கும், என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியாவிட்டால் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நானும் பார்க்கிறேன்.