அணில் இல்லாத மலையில ஒரு ஃபிஞ்ச்

கேள்வி: அமெரிக்காவுல ஒரு மலையில அணில் இல்லாததாலயே ஒரு குருவி தனி இனமாயிடுச்சாமே, நிஜமா? டார்வின் ஃபிஞ்சுக்கு அது சொந்தமா? இப்ப நல்லா இருக்கா?

பதில்: நிஜம்தாங்க. பேரு கேஷியா கிராஸ்பில். ஐடஹோ மாநிலத்தோட தெக்குப் பக்கத்துல சவுத் ஹில்ஸ், ஆல்பியன்னு ரெண்டு மலை இருக்கு, முக்கியமா அங்கதான் இது வாழுது. பறவை ஆராய்ச்சியாளர் கிரெய்க் பெங்க்மன் குழு 2009ல தனி இனம்னு எழுதினாங்க, அமெரிக்கப் பறவையியல் சங்கம் ஏத்துக்கிட்டது 2017லதான்.

அங்க இருக்கறது லாட்ஜ்போல் பைன் காடு. மத்த மலைகள்ல சிவப்பு அணில் முந்திக்கிட்டு கோனை (செதில் செதிலா இருக்கற, விதை உள்ள பைன் காய்) எல்லாம் கடிச்சு அறுத்து சேத்து வச்சுக்கும், பறவைக்கு மிச்சம் கொஞ்சம்தான். இந்த மலைக்கு அணில் வந்து சேரவே இல்ல, அதனால விதை திங்க முக்கியமான ஆளு கிராஸ்பில்தான், அதுக்கு ஈடு கொடுக்க ஆயிரக்கணக்கான வருஷத்துல மரத்தோட கோன் செதில் தடிச்சுக்கிட்டே போச்சு, செதில் தடிக்க தடிக்க கெட்டியான அலகு உள்ள பறவைதான் பொழைச்சுது. எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் அந்த அலகுதாங்க. மேல் அலகும் கீழ் அலகும் கத்தரிக்கோல் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கா இருக்கும், நுனியை ரெண்டு செதிலுக்கு நடுவுல சொருகி கீழ் அலகைப் பக்கவாட்டுல தள்ளும், செதில் விலகினதும் நாக்கால விதையை எடுத்துடும்.

இந்த கோன்ல பலது வருஷக்கணக்கா பிசின் ஒட்டி மூடியே மரத்துல இருக்கறதால வருஷம் முழுக்க சாப்பாடு உண்டு. இதோட நெருங்கின உறவான சிவப்பு கிராஸ்பில்லுங்க விதை தேடி ஊர் ஊரா அலையும், இது பெரும்பாலும் இடத்தை விட்டு நகராது. கூப்பிடற குரலும் வேற, ஜோடி சேர்றதும் பெரும்பாலும் தன் ஆளுங்களோடதான்.

டார்வின் ஃபிஞ்ச்னு சொல்ற காலபாகோஸ் தீவுப் பறவைங்க இதுக்கு நெருங்கின சொந்தம் இல்ல, அதெல்லாம் டானேஜர்னு வேற ஒரு பறவைக் குடும்பம். கிராஸ்பில்தான் அசல் ஃபிஞ்ச் குடும்பம், ஸ்காட்லாந்துக்கே உரிய ஒண்ணும் கரீபியன் கடல்ல இருக்கற ஹிஸ்பனியோலா தீவுக்கே உரிய இன்னொண்ணும் இதோட பங்காளிங்க, ரெட்போல்னு சொல்ற சின்ன ஃபிஞ்சும் நெருங்கின உறவு.

கடைசி கேள்விதான் மனசைப் பிசையுது. இருக்கறதே சில ஆயிரம் பறவை. கோடையில சூடு ரொம்ப ஏறினா மூடின கோன் தானா திறந்து விதை கொட்டிடுது, அப்புறம் பல வருஷத்துக்கான தீனி போச்சு. 2020 செப்டம்பர்ல வந்த காட்டுத்தீயில சவுத் ஹில்ஸ் பைன் காடு நிறைய எரிஞ்சுடுச்சு. தீ பட்டா கோன் திறந்து விதை விழுந்து புதுக்கன்னு முளைக்கும், மரத்துக்கு அது சரி, ஆனா அந்தக் கன்னு வளந்து பறவைக்குப் போதுமான கோன் காய்க்க பல பத்து வருஷம் ஆகும்ங்க.