பீட்டர்பரோ அருகே புதுவீடு: அஸ்திவாரத்துக்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

வணக்கம். ஒன்டாரியோவின் பீட்டர்பரோ அருகே, இயற்கை எரிவாயுக் குழாய் வராத நிலத்தில் ஐந்து பேருக்கு வீடு கட்டவிருப்பதாகவும், புரொப்பேன் ஃபர்னஸை (புரொப்பேன் வாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கும் கருவியை) எவ்வளவு பெரிதாக வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன்பு வீட்டின் வெப்ப இழப்பை சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனடியத் தர முறைப்படி கணக்கிடச் சொல்லுங்கள்; அந்தக் கணக்கு இல்லாமல் வாங்கும் கருவி பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சியதாக அமைந்து, அடிக்கடி எரிந்து அணைந்து, அறைகளைச் சீராகச் சூடாக்காமல் போகும்.

நிலத்தில் வீட்டுக்கு இடம் குறிக்கும்போதே கிணற்றுக்கும், கழிவுநீரை மண்ணுக்குள் வடியவிடும் கழிவுநீர்ப் படுகைக்கும் இடம் குறித்துவிடுங்கள். முறையாக உறையிட்ட ஆழ்துளைக் கிணறு படுகையிலிருந்து குறைந்தது 15 மீட்டரும், தோண்டிய கிணறாயின் 30 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும். படுகைக்கான இடத்தில் லாரிகளை ஓடவிடாதீர்கள். இறுகிய மண் நீரை உறிஞ்சாது. பலர் இதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அஸ்திவாரம் உறைபனி இறங்கும் ஆழத்தை, அதாவது குறைந்தது 1.2 மீட்டரை, எட்ட வேண்டும்.

சூடாக்கத்துக்கு, வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும், மைனஸ் 25 பாகை செல்சியஸ் வரை இயங்கும் ஹீட் பம்பையும், கடுங்குளிர் இரவுகளுக்குத் துணையாகச் சிறிய புரொப்பேன் ஃபர்னஸையும் நான் பரிந்துரைப்பேன். தரையடிச் சூடாக்கம் வேண்டுமென்றால் இப்போதே முடிவெடுங்கள்; கான்கிரீட் ஊற்றிய பிறகு அதன் அடியில் வெப்பக்காப்புப் பலகையை வைக்க வழியில்லை. மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானை வெளியேற்றும் குழாய்க்கும் இது பொருந்தும். புரொப்பேன் ஃபர்னஸின் விசிறிக்கும் மின்சாரம் தேவை என்பதால், மின்தடையின்போது உதவும் ஜெனரேட்டர் இணைப்புக்கு மின்பலகையில் இடம் விடச் சொல்லுங்கள்.