கடையில் 'பேர்' என்று கொடுத்த ராம் மீன்கள் நிஜமாகவே ஜோடிதானா?

கேள்வி: பெங்களூர் ராமமூர்த்தி நகரில் அடுக்குமாடி வீடு. இரண்டரை அடி மீன் தொட்டியில் 10 நியான் டெட்ரா, தரையில் மேயும் மீசை மீனான கோரி 4 ஓடுகின்றன. போன மாதம் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு கடையில் ஜெர்மன் புளூ ராம் என்ற சின்ன அலங்கார மீன் இரண்டு வாங்கினோம். "பேர்தான் மேடம், கேரண்டி" என்று கொடுத்தார்கள். ஒன்று இன்னொன்றை நாள் முழுக்கத் துரத்துகிறது. இரண்டுக்கும் முதுகுத் துடுப்பு நீளமாகத்தான் இருக்கிறது. எது ஆண், எது பெண்? எங்களுக்கு போர் தண்ணீர், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 620. பெங்களூர் க்ளைமேட்டுக்கு ஹீட்டர் வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். முட்டை போட்டால் என்ன செய்வது?

பதில்: முதலில் ஹீட்டர் வாங்குங்கள். ஆணா பெண்ணா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் பெங்களூரில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். மூடிய ஹாலுக்குள்ளேயே தொட்டித் தண்ணீர் 21, 22இல் நிற்கும். நியானுக்கும் கோரிக்கும் அது பெரிய விஷயமில்லை. ராம் அப்படியில்லை. வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ சமவெளியில், வெயிலில் சூடேறும் ஆழமில்லாத நீர்நிலைகளில் வாழும் மீன் அது. 27 முதல் 30 டிகிரி வரை கேட்கும். குளிரில் உடனே செத்துவிட்டாலாவது காரணம் புரியும். அப்படி நடப்பதில்லை. தீனி குறையும், நிறம் மங்கும், மூலையில் ஒதுங்கும், வெள்ளைப் புள்ளி நோய் வரும், சில வாரத்தில் போய்விடும். நாமும் 'ராம் ரொம்ப நாசூக்கான மீன்' என்று சொல்லிவிட்டு அடுத்ததை வாங்கப் போவோம். உங்கள் தொட்டியில் மணல் போக ஏறக்குறைய 80 லிட்டர் தண்ணீர் இருக்கும். 100 வாட் ஹீட்டர் போதும், 28இல் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அது பாட்டுக்கு அணைந்து கிடக்கும். ஹீட்டர் காட்டும் டிகிரியை மட்டும் நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஜோடி விஷயம்.

முதுகுத் துடுப்பின் முன்பக்க முட்கள் நீண்டிருந்தால் ஆண் என்பதுதான் எல்லோரும் சொல்லும் அடையாளம். இயற்கையான நீர்நிலையில் பிடித்த மீனுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நமக்குக் கிடைப்பவையோ பண்ணை மீன்கள். அழகான துடுப்புக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் பெண்ணுக்கும் அந்த முட்கள் நீண்டுவிட்டன. அதனால் உங்கள் மீன்கள் இரண்டுக்கும் துடுப்பு நீளம் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

வேறு எங்கே பார்ப்பது? தொட்டி விளக்கைப் போட்டுவிட்டு, மீனின் மட்டத்துக்குக் கண் வரும்படி கீழே உட்காருங்கள். விலாவின் நடுவில், முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒரு கரும்புள்ளி இருக்கும். பெண்ணுக்கு அந்தக் கறுப்புக்குள்ளேயே நீலச் செதில்கள் மினுங்கும். ஆணுக்குக் கறுப்பு பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும், நீலம் அதைச் சுற்றித்தான் இருக்கும். அடுத்து வயிறு. வளர்ந்த பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, சில சமயம் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா கலந்த சிவப்பு. முட்டை போடும் நாட்கள் நெருங்க நெருங்க அது அடர்த்தியாகும். பெண் உடம்பு கொஞ்சம் குட்டை, உருண்டை. ஆண் நீளம், வயிற்றுத் துடுப்புகளும் நீளமாகப் பின்னுக்கு இழுபடும்.

இவை மூன்றும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். ஒன்று மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். குறிப்பாக வயிற்றுச் சிவப்பை. இளம் ஆண்களிலும் லேசான சிவப்பு தெரிவதுண்டு. ஹார்மோன் கொடுத்துச் சீக்கிரமே நிறம் ஏற்றி விற்கும் வழக்கமும் பண்ணைகளில் உண்டு. மூன்று சென்டிமீட்டர் குட்டி திருவிழா நிறத்தில் ஜொலித்தால் நான் வாங்கமாட்டேன். எலெக்ட்ரிக் புளூ, கோல்ட் ரகங்களில் இன்னொரு தொல்லை: விலாவில் அந்தக் கரும்புள்ளியே இருக்காது. அதனால் முதல் சோதனை அங்கே செல்லாது.

தவறாத அடையாளம் ஒன்றுதான், அது எல்லா நாளும் தெரியாது. முட்டை போடுவதற்கு ஓரிரு நாள் முன்னால் வயிற்றுக்குக் கீழே, மலத்துளைப் பக்கம் ஒரு சின்னக் குழாய் வெளியே தெரியும். பெண்ணுக்கு அது தடித்து, நுனி மழுங்கி இருக்கும். ஆணுக்கு மெல்லிசாக, கூராக, சற்றுப் பின்னோக்கி இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் புலப்படும். முட்டை வந்துவிட்டாலும் அவசரப்பட்டு இனிப்பு வாங்க வேண்டாம். ஆண் இல்லாத இடத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து கல்லைச் சுத்தம் செய்து முட்டை போட்டுக் காவல் காப்பதும் உண்டு. அந்த முட்டைகள் ஒன்றிரண்டு நாளில் மொத்தமாக வெளுத்துவிடும்.

துரத்துவதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா? முடியும், எப்படித் துரத்துகிறது என்று பார்த்தால். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று துடுப்பை விரித்து உடம்பை உதறுகின்றன, ஒன்று விரட்டுகிறது, விரட்டப்பட்டது கொஞ்ச தூரம் போய்த் திரும்பி அதே கல்லுக்கு வருகிறது, தீனி நேரத்தில் இரண்டும் சேர்ந்து தின்கின்றன என்றால் அது சேர்மானம் ஆகிக்கொண்டிருக்கிறது. ஒன்று மேல் மூலையில், ஃபில்டருக்குப் பின்னால், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிறம் செத்து நின்று, தீனிக்குக்கூட வரப் பயந்தால் அவை ஜோடியில்லை. இரண்டும் ஆணாக இருக்கலாம், ஒன்றையொன்று பிடிக்காத ஆணும் பெண்ணுமாகவும் இருக்கலாம். அடிபடும் மீனுக்கு இரண்டும் ஒன்றுதான், உடனே பிரித்துவிடுங்கள். 'நாள் முழுக்க' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவது வகையாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன்.

உங்கள் தொட்டி தாங்குவது ஒரே ஒரு ஜோடியைத்தான். இந்த மீனுக்குத் தண்ணீரின் அளவைவிடத் தரையின் அளவு முக்கியம். இரண்டரை அடிக்கு ஒரு அடி தரையை இரண்டு ஆண்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. நடுவில் ஒரு டிரிஃப்ட்வுட் மரக்கட்டையை வைத்து, அதில் அனுபியாஸோ ஜாவா ஃபெர்னோ மாதிரி நீர்ச்செடியைக் கட்டி, இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரியாதபடி செய்யுங்கள். பார்வை மறைந்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். ராம் வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியாகச் சலித்துவிடும் மீன், தரையில் பொடி மணல் வேண்டும். வீடு கட்டும் இடத்தில் கிடைக்கிறதே என்று எம்-சாண்ட் போட்டுவிடாதீர்கள். அது உடைத்த கல், முனை கூராக இருக்கும், கோரியின் மீசையையும் அறுத்துவிடும். கடையில் தரும் வெள்ளை மார்பிள் கல்லும் வேண்டாம், அது தண்ணீரை இன்னும் கடினமாக்கும். சந்தேகக் கல்லின் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது தொட்டிக்கு ஆகாது.

தண்ணீருக்கு வருவோம். 620 டிடிஎஸ் போர் தண்ணீரில் பண்ணை ராம் உயிரோடு இருக்கும், ஆனால் செழிக்காது, முட்டையும் சரியாகப் பொரியாது. அதற்கு மென்மையான, லேசான அமிலத் தண்ணீர் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் 30 டிடிஎஸ் வந்தால், அதில் நான்கு பங்கோடு போர் தண்ணீர் ஒரு பங்கு சேர்த்தால் 150 பக்கம் நிற்கும். அது போதும். ஒரே நாளில் மாற்றாதீர்கள். வாரம் 20 சதவீதம் இந்தக் கலவையால் மாற்றுங்கள், ஒரு மாதத்தில் டிடிஎஸ் பாதிக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிடும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. மட்டும் ஊற்றுங்கள், ஏனென்றால் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

பெங்களூர் அடுக்குமாடிகளில் ஒரு பொறி உண்டு. 'எங்கள் பில்டிங்கில் சாஃப்ட்னர் போட்டிருக்கிறார்கள், மென்மையான தண்ணீர்தான்' என்பார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைத் தருகிறது. குழாயில் உப்புப் படியாது, சோப்பு நுரைக்கும். டிடிஎஸ் மீட்டர் எண் மட்டும் அப்படியேதான் இருக்கும். மீனுக்கு அதனால் லாபமில்லை. காவேரித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் வேலை சுலபம், ஆனால் அதில் குளோரின் இருக்கும், ஆன்டி-குளோரின் கலக்காமல் அதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. தெருவோரத்து நாட்டு வாதுமை மரத்தில் தானாகக் காய்ந்து விழுந்த இலை ஒன்றிரண்டைக் கழுவித் தொட்டியில் போடலாம். தண்ணீர் தேநீர் நிறமாகும், ராமுக்கு அது பிடிக்கும். குளிர்காலத்தில் தண்ணீர் மாற்றும் வேலையை விடிகாலையில் செய்யாமல் மத்தியானத்துக்குத் தள்ளிவையுங்கள், புதுத் தண்ணீரும் கொஞ்சம் சூடாகியிருக்கும்.

கூட இருப்பவர்களில், நியானுக்கு 28 டிகிரி கொஞ்சம் அதிகம். இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கார்டினல் டெட்ராவோ ரம்மிநோஸ் டெட்ராவோ வாங்குங்கள். கோரி பரம சாது, ஆனால் ராமின் எல்லைக்கோடு அதற்குப் புரியாது. விரட்ட விரட்ட அதே முட்டைக்கல்லின் மேல் போய் மேயும், கண்ணில் கொத்துப்படும். அதற்கென்று ஒரு மூலையில் ஒளிவிடம் வையுங்கள். டைகர் பார்ப், ஏஞ்சல் மீன்கள் பக்கம் போகாதீர்கள். தீனி போடும்போது முதலில் மேலே கொஞ்சம் தூவி டெட்ராக்களைத் திசைதிருப்பிவிட்டு, பிறகு மூழ்கும் குருணையை ராம் இருக்கும் இடத்தில் போடுங்கள். அது நிதானமாகத் தின்னும் மீன்.

ஆர்.ஓ. கலப்பதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்றால் ராமை விட்டுவிட்டு கிரிபென்சிஸ் வையுங்கள். மேற்கு ஆப்பிரிக்க மீன், ஓரளவு கடினத் தண்ணீரையும் தாங்கும், 24 முதல் 27 டிகிரி போதும். அதில் ஆண் பெண் பார்க்க உட்கார வேண்டியதே இல்லை: பெண் குண்டு, வயிறு செர்ரிச் சிவப்பு, முதுகுத் துடுப்பின் பின்முனை உருண்டை. ஆண் நீளம், துடுப்பு முனையெல்லாம் கூர். குட்டி பொரித்தால் மட்டும் தொட்டியின் பாதியை அது எழுதி வாங்கிக்கொள்ளும். ராமுக்கு உறவான அபிஸ்டோகிராமா (சுருக்கமாக அபிஸ்டோ) ககாட்டுவாய்டஸ் மீன் மேல் ஆசை இருந்தால் ஓர் ஆணுக்கு இரண்டு பெண், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கொட்டாங்குச்சி குகை. கடையில் 'பெண்' என்று தருவது வளராத ஆணாக இருக்கலாம். வயிற்றுத் துடுப்பின் முன் ஓரம் கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த மீன்களெல்லாம் சேர்ந்த சிக்லிட் குடும்பத்தில் ஒரு விநோதம்: முட்டை பொரிந்து முதல் சில வாரங்களில் தண்ணீர் சூடு அதிகமாக இருந்தால் ஆண் குட்டிகளே பெருகும். ரோமர், பைசன்ஹெர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் முப்பதுக்கும் மேற்பட்ட அபிஸ்டோ இனங்களில் இதைக் காட்டினார்கள். கிரிபென்சிஸில் அமிலத் தண்ணீர் அதே வேலையைச் செய்யும்.

ராமையே தொடர்வதென்றால், கூச்சப்படாமல் கடைக்குப் போய், அடிபடும் மீனை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றி எடுக்கும்போது கடைத் தொட்டி முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். கூட்டத்தில் இரண்டு மீன்கள் மற்றவற்றை விரட்டிவிட்டு ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் அந்த இரண்டையும் சேர்த்து வாங்குங்கள், 'கேரண்டி' என்ற வார்த்தையைவிட அது நம்பகமானது.

முட்டை போட்டால்: தட்டையான கல்லிலோ அகல இலையிலோ போடும், 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரியும், இன்னும் ஐந்து நாள் கழித்துக் குஞ்சுகள் நீந்தும். இளம் ஜோடி முதல் சில தடவை முட்டையைத் தின்றுவிடும், அதற்காக மீனை மாற்ற வேண்டாம். குஞ்சுகள் தேறவேண்டும் என்றால் கல்லோடு தனித் தொட்டிக்கு மாற்றி, ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, நீந்தத் தொடங்கியதும் அன்றன்று பொரித்த ஆர்டிமியா (பொடி உப்புநீர் இறால்) கொடுக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். ராத்திரியில் கோரிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.