870 டிகிரி தாங்கும் தகட்டில் 650-லேயே விரிசல் ஏன்?

கேள்வி: உலைக்குள் இருக்கும் எங்கள் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம் தினமும் 650 டிகிரி வரை சூடேறி, பல மணி நேரம் நின்று, ஆறுகிறது. 870 வரை தாங்கும் என்றுதான் விற்றார்கள். வெல்டிங் ஓரத்தில் விரிசல். தகட்டின் தடிமனைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். விரிசல் இன்னும் சீக்கிரம் வரக்கூடும்.

அந்த 870, மேற்பரப்பு செதிலாக உரியாமல் இருப்பதற்கான எல்லை. பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த எஃகு சாதாரண எஃகைவிட ஒன்றரை மடங்கு விரியும். வெப்பத்தையோ மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். தடிமன் ஏற ஏற, சூடேறும்போதும் ஆறும்போதும் உள்ளுக்கும் வெளிக்கும் இழுபறி கூடும். அந்த இழுவிசையோடு மணிக்கணக்கில் சூட்டில் நின்றால், உலோகத் துகள்களின் எல்லைகளில் நுண்துளைகள் பிறக்கும். அடுத்த நாள் சூடேறி ஆறும்போது அவற்றை இணைத்துக்கொண்டு விரிசல் ஓடும். முன்னது க்ரீப், பின்னது ஃபடீக். இரண்டையும் தனித்தனியே பார்த்து 'இன்னும் ஆயுள் இருக்கிறது' என்று நம்பாதீர்கள். அணு உலைகளுக்கான ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதியில், 304-க்கு க்ரீப் ஆயுளிலும் ஃபடீக் ஆயுளிலும் தலா 30 சதவீதம் செலவானாலே வரம்பு முடிந்தது.

அடுத்தது கார்பன். சூட்டில் இந்த எஃகுக்குப் பலம் தருவது அதுதான். 538 டிகிரிக்கு மேல் போகும் 304-இல் குறைந்தது 0.04 சதவீதம் கார்பன் வேண்டும். 304எச் என்று கேட்டால் அது உறுதி. ஆனால் இடைத்தரகர்கள் '304/304எல்' என்ற இரட்டைச் சான்றிதழோடு வருவார்கள். அதில் கார்பன் 0.03-ஐத் தாண்டாது. 'எல் என்றால் உசத்தி, வெல்டிங்கில் துருப்பிடிக்காது' என்பார்கள். துருவுக்கு அது சரி, உங்கள் உலைக்குத் தவறு. உலோகக் கலவையை அறியக் கையில் பிடித்துக் காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கிக்குக் கார்பன் தெரியாது. காந்தம் வைத்துப் பார்ப்பதும் வீண். தீப்பொறியின் ஒளியை வைத்துக் கார்பனையும் அளக்கும் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை கேளுங்கள். சான்றிதழில் உள்ள ஹீட் எண் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) தகட்டிலும் இருக்க வேண்டும். கொள்முதல் தாளில் வெறுமனே '304' என்று எழுதி அனுப்பும் வழக்கம் எத்தனை சட்டங்கள் உடைந்தாலும் மாறுவதில்லை, அதுதான் எரிச்சல்.

ஒரு விலக்கு உண்டு. 425 டிகிரியைத் தாண்டாத இடத்தில் க்ரீப்பைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். எல் வகையே போதும். ஆனால் 425 என்பது உலோகத்தின் வெப்பம். உலைச் சுவரில் உள்ள தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் உணரி) 400 காட்டும்போது, பர்னருக்கு நேரே உள்ள மூலை அதைவிட வெகுவாகச் சூடாக இருக்கலாம். அந்த மூலையில் தெர்மோகப்பிளை வெல்டிங் செய்து ஒட்டி, ஒரு முழுச் சுற்று அளந்த பிறகே விலக்கைக் கோருங்கள்.

இப்போதைக்கு, விரிசலின் மேல் வெல்டிங் வைத்து மூடாதீர்கள். முழுவதையும் வெட்டி எடுங்கள். புதுச் சட்டத்தில் மெல்லிய தகடு போட்டு, விரிய இடைவெளி விட்டு, வெல்டிங்கை மூலைகளிலிருந்து தள்ளி வையுங்கள்.