ரங்கூனில் கடை வைத்துக்கொண்டு விசுவாசத்தை அன்றாடம் எப்படி வாழ்வது?

ஞாயிறு கோயிலுக்குப் போவது சரி, மற்ற ஆறு நாளும் கடையில் எப்படிக் கிறிஸ்தவனாக இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் தராசில் ஆரம்பியுங்கள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. இங்கே பருப்பு, வெங்காயம் எல்லாம் வீசைக் கணக்கு, ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ, அதில் ஒரு கைப்பிடி குறைந்தாலும் வாங்குகிறவருக்குத் தெரியாது, ஆனால் தேவனுக்குத் தெரியும். எங்கள் கடையில் தட்டில் ஒட்டிய பழைய மாவைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த நிறுவை. கடன் கேட்டு வருகிறவரிடம் முகம் சுளிக்காமல் பேசுவது இதைவிடக் கஷ்டம், அதற்காகவே கடை திறக்குமுன் ஜெபிக்கிறேன்.

அப்புறம், அக்கம்பக்கம் பெரும்பாலும் பௌத்தர்கள். காலையில் பிக்குகள் வரும்போது பக்கத்துக் கடை அக்கா சோறு போடுவார். நான் போடுவதில்லை, ஆனால் வழிவிட்டு மரியாதையாக நிற்பேன். பர்மியப் புத்தாண்டான திஞ்சான் பண்டிகைக்கு அவர் வெல்லம் வைத்த அரிசி உருண்டை கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிச் சாப்பிடுங்கள், விருந்துக்கு அழைத்தால் ஒன்றும் விசாரியாமல் சாப்பிடலாம் என்று பவுலே 1 கொரிந்தியர் 10:27இல் எழுதியிருக்கிறார். கிறிஸ்மஸுக்கு நாமும் கேக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவர்கள் வீட்டில் ஒரு சாவு என்றால் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும்.