லொறி லைசன்ஸ் மெடிக்கல்: வாசகர் கேள்வி பதில்

இலகுரக வாகன அனுமதிப்பத்திரத்தை 8 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். கனரகத்துக்கு 4 வருடம். ஒவ்வொரு முறையும் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். காலபோக அறுவடை முடிந்து நெல் லொறிகள் ஓய்ந்ததும் பலர் இந்த வேலையைக் கையில் எடுப்பார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான்.

*

புளியங்குளம் வாசகர்: வயது 46, டிப்பர் ஓடுகிறேன். பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் போடுகிறேன். வீட்டில் அளந்தால் 130/84 காட்டுது. போன முறை மெடிக்கலில் 158/98. மெடிக்கல் நாளில் காலமை இரண்டு குளிசையாய்ப் போட்டுக்கொண்டு போகலாமா?

போட வேண்டாம். அம்லோடிபின் உடம்பில் ஒரு சீரான அளவுக்கு வரவே ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். அன்று காலையில் கூடுதலாக விழுங்கும் குளிசை மதியத்துக்குப் பிறகு தலைச்சுற்றைத் தருமே தவிர, 9 மணிக்கு அளக்கும் பிரஷரை இறக்காது. மருந்தின் அளவு போதாது என்றால் அதைக் கூட்ட வேண்டியது கிளினிக் டொக்டர், அதுவும் மெடிக்கலுக்கு ஆறு கிழமையாவது முன்பு.

வீட்டில் ஒன்று, அங்கே ஒன்று என்று காட்டுவதற்கு முதற் காரணம் பயம். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஏறும் பிரஷர் பலருக்கு உண்டு. ஆனால் பயத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. அளக்கும் முறையிலும் நிறையப் பிழை நேர்கிறது. மூத்திரப்பை நிறைந்திருந்தால் மேல் எண் 10 அளவில் கூடும். அளக்கும்போது கதைத்தாலும் அதே கதை. கையை மேசையில் வைக்காமல் தொங்கவிட்டால் கூடும், காலுக்கு மேல் கால் போட்டால் கூடும். சட்டைக் கையின் மேலேயே பட்டியைச் சுற்றினாலும் எண் சரியாக வராது. சாமான் ஏற்றி இறக்கித் திரண்ட கை உள்ளவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: புயத்தின் சுற்றளவு 32 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சாதாரணப் பட்டி சிறிதாகிவிடும், சிறிய பட்டி பிரஷரைக் கூட்டியே காட்டும். வீட்டில் நாடாவால் சுற்றளவை அளந்து பாருங்கள். தாண்டினால் பெரிய பட்டி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம், அதில் தவறில்லை.

அன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வழக்கமான குளிசையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். கடைசி ரீயும் பீடியும் வெற்றிலையும் அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்போடு நிற்கட்டும். சலம் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். இரவு முழுக்கத் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போய்த் திரும்பி, லொறியை வாசலில் நிறுத்திவிட்டு நேராக உள்ளே போகாதீர்கள். தூக்கமில்லாத உடம்பில் பிரஷர் ஏறித்தான் இருக்கும்.

ஆறு கிழமைக்கு முன் தொடங்க வேண்டியவை வேறு. நாரி நோவுக்குப் பாமசியில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக், இபுபுறூபன் இரண்டும் பிரஷரைக் கூட்டும். பிரஷர் குளிசையின் வேலையையும் கெடுக்கும். உங்கள் எண் இறங்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நோவுக்குப் பரசிற்றமோல் போதுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரின் கலந்த குளிசைகளும் அதே வகைதான். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைய வேண்டும், அதாவது ஒரு தேக்கரண்டி. கருவாட்டுக் குழம்பு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் ஒரே நேரச் சாப்பாட்டில் இருந்தால் அந்தக் கணக்கு மதியத்தோடு முடிந்துவிடும்.

வீட்டு அளவீட்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். ஏழு நாள், காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை. முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுக்க வேண்டும். மெஷின் மணிக்கட்டில் கட்டுவதாக இருக்கக் கூடாது, புயத்தில் கட்டுவதாக இருக்க வேண்டும். ஒருதடவை கிளினிக்குக்குக் கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் கொப்பிக்கு மதிப்புக் கூடும்.

*

ஒட்டுசுட்டான் வாசகர்: எனக்குச் சீனி வருத்தம். வெறும் வயிற்றில் 118தான். ஆனால் சிறுநீரைச் சோதிக்கும் பட்டையில் சீனி மூன்று பிளஸ் என்று வந்துவிட்டது. இரத்தத்தில் இல்லாத சீனி சலத்தில் எப்படி வரும்?

நீங்கள் எழுதியிருக்கும் மருந்துகளில் எம்பாகிளிபுளோசின் இருக்கிறது. அதன் வேலையே இரத்தத்துச் சீனியைச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளுவதுதான். டாபாகிளிபுளோசினும் அப்படியே. இவற்றைப் போடுகிறவருக்குப் பட்டை எப்போதும் நிறம் மாறும். அது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மற்றவர்களுக்கு இரத்தச் சீனி 180 அளவைத் தாண்டினால்தான் பொதுவாகச் சலத்தில் இறங்கும். அதனால்தான் பட்டையைப் பார்த்தவர் சந்தேகப்படுகிறார். மெடிக்கலுக்காக மருந்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினாலும் சில நாளைக்குப் பட்டை மாறாது. மருந்துச் சீட்டு, வெறும் வயிற்று இரத்தச் சீனி, கடந்த மூன்று மாத நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அறிக்கை மூன்றையும் கையில் கொண்டு போனால் கேள்வி அங்கேயே தீரும்.

சாரதி ஒருவரின் சீனி வருத்தத்தில் டொக்டர் உண்மையில் பயப்படுவது சீனி கூடுவதற்கல்ல, ஓடும்போது திடீரென்று இறங்குவதற்கு. மெற்போமின் தனியாக அதைச் செய்வது அரிது. கிளிகிளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் செய்யும். குளிசையைப் போட்டுவிட்டு, கனகராயன்குளத்தில் சாப்பிடுவோம் என்று நினைத்து, மதவாச்சி வரை சாப்பிடாமல் ஓடுவதுதான் ஆபத்து. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பார்வை மங்கல், காரணமில்லாத எரிச்சல் ஏதாவது வந்தால் லொறியை ஓரங்கட்டித் திறப்பைக் கழற்றுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், அல்லது இனிப்புச் சோடா ஒரு கிளாஸ். சொக்லேற் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து அளந்து பார்த்து, 70க்குக் கீழே என்றால் இன்னொரு தடவை. பிறகு பிஸ்கற்றோ சோறோ. பிரித்தானியாவில் சாரதிகளுக்குச் சொல்லும் கணக்கு, சீனி 90க்கு மேல் வந்து 45 நிமிடம் கழிந்த பிறகே திறப்பைத் திருப்பலாம் என்பது. மூளை முழுதாகத் தெளிய அவ்வளவு நேரம் வேண்டும். நம் வீதிகளுக்கும் அதுவே நல்ல கணக்கு.

*

விசுவமடு வாசகர்: பகலில் பார்வை தெளிவு. இரவில் ஏ9 வீதியில் எதிரே வரும் பஸ்ஸின் லைற் பட்டால் கண் கூசி, வெள்ளைக் கோடே தெரியாது. கண்ணாடி எடுத்தால் மெடிக்கல் பாஸாகுமா?

கண்ணாடியால் தீரும் குறைதானா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தடித்த மட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். ஒரு கண்ணைப் பொத்தி, மற்றக் கண்ணால் அந்தத் துளை வழியே தூரத்துப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்துத் தெளிந்தால் கண்ணாடி உதவும். தெளியாவிட்டால் வில்லையிலோ விழித்திரையிலோ கோளாறு, கண் கிளினிக்குக்குப் போக வேண்டும். நீங்கள் சொல்லும் கூச்சம் கற்றராக்கின், அதாவது கண்புரையின், தொடக்கமாக இருக்கலாம். புழுதியிலும் வெயிலிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழி மேல் சதை வளர்வதும் உண்டு. அது பார்வையைக் கோணலாக்கும். இரண்டுக்கும் அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை இருக்கிறது, ஆனால் காத்திருப்புப் பட்டியலும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் முடியும் மாதத்தில் போய் நின்றால் நாள் கிடைக்காது.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். சீனி ஏறி இறங்கும் காலத்தில் கண் வில்லையும் வீங்கிச் சுருங்கும். அப்போது அளந்து எடுத்த கண்ணாடி சீனி அடங்கியதும் பொருந்தாது. சீனி ஒரு நிலைக்கு வந்து நான்கு முதல் ஆறு கிழமை கழித்து அளந்தால் கண்ணாடிக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

*

மல்லாவி வாசகர்: நிறப் புள்ளிப் படங்களின் எண்களைப் பாடமாக்கிக்கொண்டு போகலாம் என்று சிலர் சொல்லுகினம்.

நிறக்குறையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தில் 38 படங்கள். எந்தப் பக்கத்தைத் திறப்பார் என்பது டொக்டரின் விருப்பம். சிலவற்றில் நிறக்குறை உள்ளவருக்கு ஓர் எண்ணும் மற்றவருக்கு வேறோர் எண்ணும் தெரியும். பாடமாக்கியவர் அதிலேயே தடக்கி விழுவார். நிறக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு படத்துக்கு மூன்று செக்கனுக்குள் கண்டதைச் சொல்லுங்கள். விரலால் தடவித் தேடாதீர்கள்.

*

புதுக்குடியிருப்பு வாசகர்: செல் விழுந்ததில் இடது காது மந்தம். அவ்வப்போது சீழும் வரும். தெரிந்தவர் ஒருவர் காதுக்கு எண்ணெய் விட்டுக் கழுவிவிட்டுப் போகச் சொல்லுகிறார்.

உங்களுக்கு அது கூடவே கூடாது. சீழ் வருவது செவிப்பறையில் ஓட்டை இருப்பதற்கான அறிகுறி. எண்ணெயோ தண்ணீரோ உள்ளே போனால் நடுக்காது பழுதாகும். காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் காட்டி, கேட்கும் அளவைக் காட்டும் ஓடியோகிராம் எடுங்கள். வெடிச்சத்தத்தில் பழுதான காது பெரும்பாலும் மேல்சுருதியைத்தான் இழக்கும்: கதைப்பது கேட்கும், சொல் பிரியாது. ஓட்டையை அடைக்கலாமா, கேட்கும் கருவி உதவுமா என்பதை அந்த அறிக்கை சொல்லும். உடம்பில் சன்னம் இருப்பவர்களும் விரல் இழந்தவர்களும் பழைய ஆஸ்பத்திரிக் குறிப்பைக் கொண்டு போங்கள். அங்கே பார்ப்பது தழும்பையல்ல. ஸ்ரியறிங்கைப் பிடிக்கும் பலத்தையும் கிளச்சை மிதிக்கும் பலத்தையும்.

ஓட்டை இல்லாமல், குறும்பி அடைத்து மட்டும் மந்தமாக இருப்பவர்களுக்கு வேறு வழி. சோடியம் பைகாபனேற் துளிகளை மூன்று முதல் ஐந்து நாள் விட்டு, பிறகு ஓபிடியில் காட்டலாம். துளி விட்டதும் குறும்பி ஊறி வீங்குவதால் முதலில் இன்னும் மந்தமாகும். ஆகவே மெடிக்கலுக்கு இரண்டு கிழமை முன்பே தொடங்குங்கள். பஞ்சு சுற்றிய குச்சி குறும்பியை உள்ளேதான் தள்ளும்.

*

செட்டிகுளம் வாசகர்: சிறுநீரில் அல்புமின் ஒரு பிளஸ். கிட்னி போய்விட்டதா?

ஒரு பட்டையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. காய்ச்சல், முதல்நாள் மூட்டை ஏற்றிய களைப்பு, தண்ணீர் குடிக்காததால் தடித்த சலம், இவை எல்லாம் ஒரு பிளஸ் காட்டும். இரண்டு நாள் ஓய்வெடுத்து, விடிய எழும்பியதும் கழிக்கும் முதல் சலத்தைக் கொடுத்துத் திரும்பப் பாருங்கள். ஆனால் வவுனியா மாவட்டம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் காணப்படும் பகுதி. அந்த நோய் தொடக்கத்தில் பட்டையில் பெரிதாகத் தெரியாமலும் இருக்கும். எனவே கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியற்றினினையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வழியில் இறங்க வேண்டி வரும் என்று தண்ணீரைக் குறைப்பதும், அதோடு நோவுக் குளிசை போடுவதும் சேர்ந்தால் கிட்னிக்கு இரட்டைச் சுமை.

*

மாங்குளம் வாசகி: இவருக்குக் கடும் குறட்டை. இடையில் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழும்புவார். மெடிக்கலில் இதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

மூச்சு நிற்பதைக் கண்டவர் நீங்கள், அதனால் அவரோடு நீங்களும் கிளினிக்குக்குப் போங்கள். குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை மற்றவர் கண்டது, பிரஷர், அதிக எடை, 50க்கு மேல் வயது, 40 சென்ரிமீற்றரைத் தாண்டிய கழுத்து, ஆண் என்பது: இந்த எட்டில் மூன்று இருந்தாலே சோதிக்க வேண்டும், ஐந்து என்றால் கட்டாயம். இது தூக்கத்தில் மூச்சடைக்கும் நோய். இப்படிப்பட்டவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியவர் ஆகமாட்டார். பிரஷர் குளிசைக்கு அடங்காமல் இருப்பதற்கும் இது காரணமாகும். எடை குறைப்பு, பக்கவாட்டில் படுப்பது, தேவையானால் மூக்கில் காற்றுத் தரும் சீபாப் மெஷின் என்று வைத்தியம் இருக்கிறது. வைத்தியம் செய்கிறவர் தொடர்ந்து ஓடலாம். மறைத்தால் சான்றிதழ் கிடைக்கும், ஓடும்போது நித்திரை வருவது மட்டும் மாறாது.

*

வவுனியா வாசகர்: மகன் அமெரிக்காவில் லொறி ஓடப் பதிகிறார். அங்கே விதி எப்படி?

அங்கே எண்ணெல்லாம் எழுத்தில் இருக்கிறது. பிரஷர் 140/90க்குக் கீழ் என்றால் சான்றிதழ் 2 வருடம் வரை. 140 முதல் 159 வரை, அல்லது கீழ் எண் 90 முதல் 99 வரை என்றால் 1 வருடம். 160 முதல் 179 வரை வந்தால் ஒரேயொரு முறை 3 மாத அவகாசம். 180/110ஐத் தொட்டால் இறங்கும் வரை ஓட முடியாது. பார்வை கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணுக்கும் 20/40, நம் கணக்கில் 6/12. ஐந்து அடி தூரத்தில் இரகசியக் குரல் கேட்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர் மூன்று மாத இரத்தச் சீனிப் பதிவைத் தன் டொக்டரிடம் காட்டிப் படிவம் வாங்க வேண்டும்.

*

அக்கராயன் வாசகர்: என்னென்ன கொண்டு போக வேண்டும்? முதல்நாள் இரவு கொஞ்சம் சாராயம் எடுத்தால் பிடிபடுமா?

அடையாள அட்டை, பழைய அனுமதிப்பத்திரம், தூரப்பார்வைக் கண்ணாடி, கிளினிக் கொப்பி, போடுகிற குளிசைகள் உறையோடு. நேரத்தை முன்கூட்டியே பதிந்துகொண்டு போங்கள். சான்றிதழ் எடுத்து 6 மாதத்துக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பெட்டிக்குள் வைத்து மறந்தால் எல்லாம் திரும்ப.

எடுத்ததற்கு வாசம் தேவையில்லை. மறுநாள் காலைப் பிரஷரும் நெஞ்சுத் துடிப்பும் அதைச் சொல்லிவிடும். அன்று இரவு தடிமனுக்கு பிரிற்றன் குளிசையும் வேண்டாம், காலையில் கண் சொருகும்.